சிரிப்பு ஆந்தையும் கூடைக் காளானும்

(ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் ஓர் ஆந்தையும் ஒரு காளானுமாகும். "இதென்ன விஷயம்? பேசுவதற்கு வேறு சங்கதியே கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதும் நியாயந்தான். ஆனால் ஒரு ஜீவன் ஏன் பூண்டோடு அழிந்து போகிறது, இன்னொரு ஜீவன் ஏன் அழியாமல் பெருகிக் கொண்டே இருக்கிறது என்கிற கேள்விக்கு நாம் என்ன பதில் சொல்லுகிறோமோ, அதே பதிலைத்தான் நாளைக்கு மனிதனைப் பற்றியும் சொல்லப் போகிறோம். ஆந்தை அழிந்ததைப் பார்த்து "எல்லாம் விதி" என்று சொல்லுகிறவன், பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி கிடப்பதைப் பார்த்தும் "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக் கொண்டு சாப்பிடப் போவான். ஆகவே ஆந்தையின் சங்கதி ஆந்தையோடு முடிகிற சங்கதியல்ல.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். கேளுங்கள், கேட்ட பிறகு உங்கள் அறிவைக் கொண்டு தட்டிப் பாருங்கள்.

ஆந்தை

நான் சொல்லப் போகிற ஆந்தையும் காளானும் நம் நாட்டுச் சரக்கல்ல. ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே சமுத்திரத்தின் நடுவில் நியூஜிலாந்து என்று ஒரு தேசம் இருக்கிறது. இரண்டு பெரிய தீவுகளும் பல சிறு தீவுகளும் சேர்ந்தது. ஏறக்குறைய 700 வருஷங்களுக்கு முன் படகேறிக் கடல் தாண்டி வந்து அங்கே முதன்முதல் குடியேறிய ஜனங்கள் மாவோரிகள். 1840-ஆம் வருஷத்திற்குப் பிறகு இங்கிலீஷ்காரர்கள் கூட்டங் கூட்டமாக வந்து குடியேறினார்கள். மனிதன் கால் வைப்பதற்கு முன் அந்தத் தேசத்தின் நிலப்பரப்பில் பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் பிராணி என்று சொன்னால் வௌவால் ஒன்றுதான். பூனை கிடையாது, நாய் கிடையாது, எலி கிடையாது, நரி கிடையாது, பாம்புகூடக் கிடையாது. பறவைகள்தான் அந்த நாட்டுக்கு எஜமானர்கள்.

அப்படிப்பட்ட பறவைகளில் ஒன்று இந்த ஆந்தை. மாவோரிகள் இதை ஃபேகவ் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் சிரிப்பு ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். சுமார் 15 அங்குல நீளம். அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எடை. முகம் வெளுப்பு, உடம்பெல்லாம் பழுப்புக் கோடு. கால் நீளம். மற்ற ஆந்தைகளைப் போல் பறந்து பிடிப்பதோடு நில்லாமல், தரையில் இறங்கி நடந்தும் ஓடியும் வண்டு, பல்லி, சிறு பறவை முதலியவற்றைப் பிடித்துத் தின்னும். பாறை வெடிப்புகளில் காய்ந்த புல்லின்மேல் இரண்டு வெள்ளை முட்டையிடும். பெண் அடைகாக்கும், ஆண் இரை கொண்டு வந்து கொடுக்கும்.

இதற்குச் சிரிப்பு ஆந்தை என்று பெயர் வந்தது அதன் குரலால். இருட்டும் தூற்றலுமான இரவுகளிலும், மழை வரும் முன்னும், பாறைச் சந்துகளிலிருந்து கேட்போர் நெஞ்சு திடுக்கிடும்படி ஒரு கூச்சல் வருமாம். அது பைத்தியம் பிடித்தவன் சிரிப்பதைப் போல் இருக்குமாம். அந்த ஆந்தைக்கு மற்றொரு குணமும் இருந்தது. பொழுது சாய்ந்தபின் அது ஒளிந்திருக்கும் பாறையருகே உட்கார்ந்து அக்கார்டியன் என்கிற துருத்திவாத்தியத்தை வாசித்தால், என்ன சத்தமென்று பார்க்க வெளியே வந்துவிடுமாம். வால்டர் புல்லர் என்பவரின் பறவை நூலில் இந்தச் சங்கதி பதிவாகியிருக்கிறது. பேயென்று நாம் பயந்து நடுங்கும் குரலுக்குச் சொந்தக்காரன், பாட்டுக் கேட்க வந்து எட்டிப் பார்க்கிற ஒரு பறவை! பேய் என்பதெல்லாம் கிட்டப் போய்ப் பார்க்கிற வரையில்தான்.

அந்த ஆந்தை தின்ற இரையில் ஜீரணமாகாத எலும்புகளை உருண்டையாகக் கக்கிவிடும். குகைகளிலும் பாறைச் சந்துகளிலும் அந்தக் கக்கல்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் குவிந்து கிடந்தன. அவற்றைச் சலித்து எடுத்த விஞ்ஞானிகள், இன்று அந்த நாட்டில் இல்லாமற் போன பறவைகளும், தவளைகளும், பல்லிகளும், வௌவால்களும் என்னென்ன என்று எலும்பைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். ஒரு பறவை கக்கிய குப்பை ஒரு தேசத்தின் பழைய சரித்திரத்தைப் பொய்யில்லாமல் சொல்லுகிறது.

காளான்

இனிக் காளானுக்கு வருவோம். அதே நியூஜிலாந்தில் காட்டிலும், புல்வெளியிலும், வீட்டுத் தோட்டத்தில் மரத்தூள் கொட்டிய பாத்தியிலும் சாதாரணமாய் முளைக்கிற ஒரு காளான் உண்டு. கூடைக் காளான் என்று சொல்லலாம். முதலில் கோழிமுட்டை போல வெள்ளையாய், தொட்டால் கொழகொழவென்றிருக்கும் ஓர் உருண்டை மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும். பிறகு அந்த முட்டையின் தோல் வெடிக்கும். உள்ளே மடித்துச் சுருட்டி வைத்த வெள்ளை வலைக்கூடை ஒன்று விரிந்து எழும். நல்ல பெரிய கூடை ஒரு சாண் உயரங்கூட இருக்கும். அதன் உட்புறத்தில் பச்சையும் பழுப்புமாய் ஒரு சளி அப்பியிருக்கும். அது மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓட வேண்டிய நாற்றம் நாறும். ஈக்கள் வந்து மொய்க்கும். சில சமயம் கூடை வேரறுந்தது போல் தரையைவிட்டுக் கழன்று காற்றில் உருண்டு போகும்.

இதைப் பார்த்த பழைய மாவோரிகள் என்ன நினைத்திருப்பார்கள்? நேற்று இல்லை, இரவு மழை, இடி, காலையில் வந்து பார்த்தால் வெள்ளைக் கூடை, அதில் மல நாற்றம். ஆகவே "பேயின் மலம்" என்று ஒரு பெயர் வைத்தார்கள். "இடியின் மலம்" என்று இன்னொரு பெயர். "ஆவியின் வீடு" என்று வேறொரு பெயர். இப்படி 30-க்கு மேற்பட்ட பெயர்கள் இந்த ஒரு காளானுக்கு இருக்கின்றன. இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கு இடமில்லை. இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்று நம் கிராமங்களில் சொல்லுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு விழித்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். சமுத்திரம் நடுவில் இருந்தாலும் பயம் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஒன்று கவனியுங்கள். பேயின் மலம் என்று பெயர் வைத்த அதே ஜனங்கள், அது முட்டைப் பருவத்தில் இருக்கும்போது எடுத்துத் தின்றும் இருக்கிறார்கள். "உணவாகக் கூடியது" என்ற பொருள் வரும்படியே விஞ்ஞானிகளும் அதற்கு லத்தீன் பெயர் சூட்டினார்கள். பேரில் பேய் இருந்தாலும் பசி வந்தபோது அனுபவத்தைத்தான் கேட்டார்கள், பேயைக் கேட்கவில்லை.

படித்த வெள்ளைக்காரர்களும் இதற்கு விலக்கல்ல. இந்தக் கூடைக் காளானுக்குப் பங்காளி முறையான நாற்றக் காளான் ஒன்று இங்கிலாந்தில் முளைக்கிறது. அதன் உருவம் ஆண்குறியைப் போல் இருக்கும். உயிர்களெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று மாறி வந்தவை என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன சார்லஸ் டார்வினுடைய மகள் ஹென்ரியட்டா அம்மாள், அந்தக் காளானைத் தேடித் தேடிப் பிடுங்கிக் கொண்டு வந்து, கதவைச் சாத்திக் கொண்டு அடுப்பில் போட்டு எரிப்பாராம். வேலைக்காரப் பெண்கள் கண்ணில் பட்டால் அவர்கள் ஒழுக்கம் கெட்டுப் போகும் என்று பயமாம்! அவருடைய சகோதரர் மகளே இதை எழுதி வைத்திருக்கிறார். அப்பன் அறிவாளி என்பதால் மகளுக்கு அறிவு தானாக வந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். எரித்ததால் காளான் அழிந்ததா? இல்லை. நாம் காளான் என்று பிடுங்குவது அதன் காயைத்தான். அதன் உடம்பு மண்ணுக்குள்ளும் மக்கின மரத்துக்குள்ளும் நூல் நூலாக ஓடிக் கொண்டிருக்கிறது. மாங்காயைப் பறித்து எரித்தால் மாமரம் செத்துப் போகுமா?

ஒரே வருஷம்

இந்த ஆந்தையும் கூடைக் காளானும் விஞ்ஞானிகளின் புஸ்தகத்தில் பெயர் பெற்றது ஒரே வருஷத்தில், அதாவது 1844-ல். ஆந்தைக்குப் பெயர் வைத்தவர் கிரே என்ற இங்கிலீஷ்காரர். காளானுக்குப் பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்த வருஷத்தில் இரண்டும் அந்தத் தேசத்தில் உயிரோடு இருந்தன.

சரியாக 70 வருஷம் கழிந்தது. 1914-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ந் தேதி, தெற்குத் தீவில் கான்டர்பரி என்ற மாகாணத்தில் புளூகிளிஃப்ஸ் என்னும் ஆட்டுப் பண்ணையில் ஒரு சிரிப்பு ஆந்தை செத்துக் கிடந்தது. நிச்சயமாய்த் தெரிந்த வரையில் அதுதான் கடைசி. பிற்பாடு அங்கே கேட்டேன், இங்கே கேட்டேன் என்று சொன்னவர்கள் உண்டு, காட்டினவர் எவருமில்லை. இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்த தோலும், சில முட்டைகளும், ஒரு சில புகைப்படங்களும் இருக்கின்றன. அதன் சிரிப்பை ஒலிப்பதிவு செய்து வைத்தவர் எவருமில்லை. எந்தச் சிரிப்பைக் கேட்டு மனிதர்கள் நடுங்கினார்களோ அதை இனி எந்த மனிதனும் கேட்கப் போவதில்லை. காளானோ இன்றும் மழை பெய்தால் முளைக்கிறது. கப்பலேறி இங்கிலாந்து முதலிய தேசங்களுக்குக் கூடப் போய் முளைத்துவிட்டது.

ஏன் இப்படி?

சகுனமா?

முதலாவது பதில் சகுனக்காரன் பதில். "அபசகுனக் குரல், பேய்ப் பட்சி, அதனால் ஒழிந்தது" என்பான். அந்த நாட்டில் ரூரூ என்று இன்னொரு ஆந்தை இருக்கிறது, சிறியது. ஆவி உலகத்துத் தூதன் என்றும், சில மாதிரியாய்க் கத்தினால் கெட்ட சேதி வரும் என்றும் மாவோரிகள் சொல்லிக் கொண்டிருந்தது இந்த ரூரூவைப் பற்றித்தான். அது இன்றைக்கும் இரவு தவறாமல் கூவிக் கொண்டிருக்கிறது. பேயின் மலமும் சௌக்கியமாயிருக்கிறது. பேய்க்கு நெருங்கிய உறவு இரண்டும் பிழைத்திருக்கும்போது சிரிப்பு ஆந்தை மட்டும் செத்தானேன்? சகுனத்தில் இதற்குப் பதில் கிடையாது.

இரண்டாவது பதில் பக்திமான் பதில். "சிருஷ்டித்தவன் எடுத்துக் கொண்டான்" என்பார். எடுத்துக் கொள்ள 1914 வரையில் ஏன் காத்திருந்தான் என்று கேட்டால், அது தெய்வ ரகசியம் என்பார். இப்படி ரகசியம் என்கிற இடத்தில் விசாரணை நின்றுபோகிறது. ஆனால் அந்த எழுபது வருஷங்களில் என்ன நடந்தது என்பது ரகசியமேயல்ல. பெயரோடும் தேதியோடும் எழுதி வைத்திருக்கிறது.

முயலும் அதன் எதிரியும்

வெள்ளைக்காரர்கள் குடியேறினபோது வேட்டைக்கும் கறிக்கும் ஆகுமென்று முயலைக் கொண்டு வந்து விட்டார்கள். முயலைத் தின்ன அங்கே யாருமில்லை. ஆகவே முயல் கணக்கில்லாமல் பெருகி, ஆட்டுக்கு வேண்டிய புல்லைத் தின்று தீர்த்தது. பண்ணைக்காரர்கள் கூக்குரல் போட்டார்கள். முயலைத் தின்னும் மிருகங்களைக் கொண்டு வருவோமென்று, ஸ்டோட், வீஸல், ஃபெரட் என்கிற மூன்று ஐரோப்பியப் பிராணிகளை 1880-க்கு மேற்பட்ட வருஷங்களில் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். இவை பார்வைக்கு நம் கீரியைப் போல் நீண்டு மெலிந்த உடம்புள்ளவை; எந்தச் சந்திலும் நுழையக் கூடியவை; மோப்பம் பிடித்து வேட்டையாடக் கூடியவை.

"இவற்றை விடாதீர்கள், இந்த நாட்டுப் பறவைகள் அழிந்து போகும்" என்று பறவை நூல் வல்லவர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். கேட்கவில்லை. விட்டது மாத்திரமல்ல, முயலின் பகைப் பிராணிகளைக் கொல்லக்கூடாதென்று சட்டப் பாதுகாப்பும் கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்பு முற்றிலும் நீங்கியது 1936-ல்தான். அதற்குள் ஆந்தைக்குக் கருமாதியாகி 22 வருஷமாகிவிட்டது. முயல் ஒழிந்ததா என்றால் அதுவுமில்லை. முயல் இன்றும் அங்கே இருக்கிறது.

ஆந்தையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எத்தனையோ ஆயிரம் தலைமுறையாய் அதற்கு வந்த எதிரிகள் ஆகாயத்திலிருந்து கண்ணால் தேடி வரும் பறவைகள். அவற்றுக்குத் தப்ப, பாறைச் சந்தில் அசையாமல் இருந்தால் போதும். மோப்பம் பிடித்துக் கொண்டு சந்துக்குள்ளேயே நுழைகிற எதிரிக்கு அந்தச் சந்து பாதுகாப்பல்ல, பொறி. அடைகாக்கும் தாயும் முட்டையும் ஒரே இடத்தில் அகப்படும். போதாக்குறைக்குக் கப்பல்களிலிருந்து இறங்கிய பூனையும் பெரிய எலிகளும் ஒரு பக்கம். மேய்ச்சலுக்காகப் புல்வெளிகளைக் கொளுத்தியது மற்றொரு பக்கம்.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்ட சிட்டுக்குருவி முதலிய சிறு பறவைகள் பழத்தோட்டங்களைக் கெடுத்தன. அவற்றைப் பிடிக்க ஆந்தை வேண்டுமென்று, 1906 முதல் 1910 வரையில் ஜெர்மனியிலிருந்து சிறு ஆந்தைகளைக் கப்பலில் வரவழைத்தார்கள்! சொந்த நாட்டு ஆந்தை கடைசி மூச்சு விட்டுக் கொண்டிருந்த அதே காலத்தில், பணம் கொடுத்து அன்னிய ஆந்தையை இறக்குமதி செய்தார்கள். வீட்டுப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தத்துக்குப் பிள்ளை தேடிய கதைதான் இது.

காளான் பிழைத்தது எப்படி?

காளான் தன் புண்ணியத்தால் பிழைக்கவில்லை. அதன் பிழைப்பு வழி வேறு. ஆந்தைக்கு உயிருள்ள இரை வேண்டும். காளானுக்குச் செத்த மரமும் மக்கின இலையும் போதும். மனிதன் காட்டை வெட்டினால் ஆந்தைக்கு வீடு போகிறது; காளானுக்குப் பந்தி விரிகிறது. ஆந்தை இடும் முட்டை இரண்டு. காளானின் ஒரு கூடைச் சளியில் உள்ள விதைத்தூள் கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம். அவற்றில் பெரும்பாகம் வீணானாலும் நஷ்டமில்லை. ஆந்தையின் உடல்வாடை எதிரிக்கு வழி காட்டியது. காளானின் நாற்றமோ ஈயை அழைத்து, அதன் காலிலும் வயிற்றிலும் விதையை ஏற்றி அனுப்புகிறது. மோப்பம் ஒன்றுக்கு எமனாகவும் மற்றொன்றுக்கு வண்டியாகவும் ஆயிற்று.

"சே, நாற்றக் காளான்" என்று அதைத் தாழ்வாய் எண்ணவும் வேண்டியதில்லை. காளான்கள் செடியினத்தைச் சேர்ந்தவையல்ல. பிறவி வழியில் பார்த்தால் செடியைவிடப் பிராணிகளுக்கே அவை அதிகம் நெருங்கியவை என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். விழுந்த மரத்தையும் இலையையும் மக்கவைத்து மறுபடி மண்ணாக்கிக் கொடுக்கும் வேலையை அவைதான் பெரும்பாலும் செய்கின்றன. அந்த வேலை நின்றால் காடு தன் குப்பையிலேயே மூச்சுத் திணறும். அழுக்கை எடுக்கிறவனைத் தாழ்ந்தவன் என்று சொல்லிவிட்டு அவனில்லாமல் ஒரு வாரம் தள்ள முடியாத ஊரைப் போன்றதுதான் காடும்.

தகுதி என்றால் என்ன?

இனி மூன்றாவது பதில். இதுதான் நான் முக்கியமாய்ப் பேச வந்தது. ஏனென்றால் இது விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக் கொண்டு வருகிறது. "தகுதியுள்ளது தங்கும், தகுதியற்றது அழியும், ஆந்தைக்குத் தகுதியில்லை, அழிந்தது" என்கிற பதில் அது. இந்தச் சொற்றொடரை 1864-ல் உண்டாக்கினவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற இங்கிலீஷ் ஆசிரியர். 1869-ல் டார்வினும் அதைத் தம் நூலில் எடுத்துக் கொண்டார். டார்வின் கருத்தில் தகுதி என்பது, இருக்கிற இடத்துக்கும் காலத்துக்கும் பொருந்தியிருத்தல், அவ்வளவே. மேல், கீழ் என்பது அதில் இல்லை. ஆனால் அதிகாரமும் பணமும் உள்ளவர்கள் அதைத் "வலுத்தவன் வாழ வேண்டும், இளைத்தவன் சாக வேண்டும், இது இயற்கையின் தர்மம்" என்று திருப்பிக் கொண்டார்கள். விதி என்ற பழைய சரக்குக்கு விஞ்ஞானம் என்று புது முத்திரை குத்திக் கொண்டார்கள்.

ஆந்தைக்குத் தகுதியில்லையா? மாவோரிகள் வந்தபோது கூடவே ஒரு சிறு எலியும் வந்தது. அந்த எலி எத்தனையோ பறவைகளுக்கு எமனாயிற்று. இந்த ஆந்தையோ அந்த எலியையே பிடித்துத் தின்ன ஆரம்பித்து, மேலும் சுமார் 600 வருஷம் வாழ்ந்தது. புதிய நிலைமைக்குப் பழகத் தெரியாத பிராணி என்று அதைச் சொல்ல முடியுமா? அவகாசம் கொடுத்தபோது பழகிற்று. சில பத்து வருஷங்களில் பூனை, எலி, ஸ்டோட், தீ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டால் யார்தான் தாங்குவார்கள்? வீட்டுக்குத் தீ வைத்தவன், "வெந்து போனவனுக்கு நெருப்பைத் தாங்கத் தகுதியில்லை" என்று தீர்ப்புச் சொல்லலாமா?

தலையணை

இந்தத் தீர்ப்பைப் பறவையோடு நிறுத்திக் கொண்டார்களா என்றால், இல்லை. அதே நியூஜிலாந்தில் மாவோரி ஜனங்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். "மாவோரிகள் சாகப் போகிற ஜாதி, அவர்கள் நிம்மதியாய்ச் சாகும்படி தலையணையைச் சரிசெய்து கொடுப்பதுதான் நம் கடமை" என்ற பொருளில் ஃபெதர்ஸ்டன் என்ற ஒரு டாக்டர் 1856-ல் சொன்னாராம். அதை 1884-ல் ஒரு விஞ்ஞான சபையில் எடுத்துச் சொல்லி ஆமோதித்தவர் யார் தெரியுமா? ஆந்தை அக்கார்டியன் கேட்க வந்ததை எழுதினாரென்று சற்று முன் சொன்னேனே, அதே வால்டர் புல்லர்தான்! அந்த நாட்டுப் பறவைகளும் அழியத்தான் போகின்றன என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தின் பலன் என்ன? காப்பாற்றுவதற்கு முன்னால், அழிவதற்குள் தோலை உரித்துக் காட்சிச்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரமே முந்திக் கொண்டது. அவரே அபூர்வப் பறவைகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு விற்றவர். விதி என்று சொல்லுகிறவன் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். அவன் அழிவுக்கு ஒரு கை கொடுக்கிறான்.

மாவோரிகள் நிலைமை அப்பொழுது மோசந்தான். 1840 வாக்கில் எண்பதாயிரம் அளவில் இருந்திருக்கலாமென்று மதிக்கப்படுகிற ஜனத்தொகை, 1896-ஆம் வருஷக் கணக்கில் சுமார் 42,000 ஆகக் குறைந்தது. காரணம் என்ன? துப்பாக்கிச் சண்டை, வெள்ளைக்காரர்களோடு வந்த அம்மையும் விஷக்காய்ச்சலும், நிலம் கைமாறிப் போனது, அதனால் வந்த வறுமை. இவற்றில் எதுவும் இரத்தத்தில் பிறந்ததல்ல. ஆனால் தகுதிக்காரர்கள் காரணத்தைப் பார்க்கவில்லை. "ஜாதியே அப்படி" என்றார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மாவோரிகளிலேயே மாவுயி போமாரே, பீட்டர் பக் என்கிற தெ ரங்கி ஹீரோவா என்னும் இருவர் டாக்டர் பரீட்சையில் தேறி வந்தார்கள். 1901-ல் ஒருவரும் 1905-ல் மற்றவரும் மாவோரிகளுக்குச் சுகாதார அதிகாரிகளாக வேலையில் அமர்ந்தார்கள். கிராமம் கிராமமாய்ப் போய் நல்ல குடிதண்ணீர், காற்று வரும் வீடு, கக்கூஸ் இவற்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். நோய் பேயால் வருவதல்ல, அழுக்குத் தண்ணீரால் வருவது என்று சொந்தப் பாஷையிலேயே எடுத்துச் சொன்னார்கள். ஜனத்தொகை திரும்ப ஏறிற்று. 2023-ஆம் வருஷக் கணக்கில் தங்களை மாவோரிகள் என்று எழுதிக் கொண்டவர்கள் எட்டே முக்கால் லட்சத்துக்கு மேல். தலையணை தயார் செய்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்; சாகப் போகிறவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

தோழர்களே! இரத்தம் மாறவில்லை, ஜாதி மாறவில்லை, தலையெழுத்து என்று ஒன்று இருந்தால் அதுவும் மாறவில்லை. நிலைமை மாறிற்று. நிலைமையை மாற்றியவர்கள் மனிதர்கள்.

செய்ய வேண்டியது

பறவை விஷயத்திலும் இப்படியே. அந்த நாட்டில் காகாபோ என்று பறக்கத் தெரியாத ஒரு பெரிய கிளி உண்டு. 1995-ல் உலகம் முழுவதிலும் 51 காகாபோதான் மிச்சம். எந்தக் கோயிலிலும் அதற்காகச் சாந்தி செய்யவில்லை. ஸ்டோட்டும் பூனையும் இல்லாத தீவுகளுக்கு அவற்றைக் கொண்டு போய் விட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, கூட்டுக்குக் காவலிருந்து, நோய் வந்தால் வைத்தியம் பார்த்தார்கள். இன்று 200-க்கு மேல் இருக்கின்றன. 2050-ஆம் வருஷத்திற்குள் எலி, ஸ்டோட் முதலிய அன்னிய வேட்டைப் பிராணிகளைத் தேசம் முழுவதிலும் ஒழித்துவிட வேண்டுமென்று 2016-ல் அந்த நாட்டுச் சர்க்கார் தீர்மானித்தது. முற்றிலும் முடியுமா என்பது வேறு கேள்வி. கொண்டு வந்தவர்களின் பேரன்மார், கொண்டு வந்தது பிசகு என்று கண்டு பொறி வைக்கிறார்கள் என்பதே கவனிக்கத் தக்கது.

இந்த வேலையை 1880-ல் ஆரம்பித்திருந்தால்? எச்சரித்தவர்களின் பேச்சைக் கேட்டிருந்தால்? இன்றைக்கும் தூற்றல் இரவில் பாறைச் சந்திலிருந்து அந்தச் சிரிப்புக் கேட்டிருக்கலாம். பிழைத்திருக்கிறவற்றை மேலும் பெருக்கலாம். போனதைத் திருப்ப முடியாது. சிரிப்பு ஆந்தைக்கு மறுபிறவி கிடையாது. ஆகவே "இது அழியத்தான் போகிறது, இவர்கள் இப்படித்தான்" என்று எவராவது உங்களிடம் வந்து சொன்னால், அவர் காவி கட்டி வந்தாலும் சரி, கோட்டுப் போட்டு வந்தாலும் சரி, மூன்று கேள்வி கேளுங்கள். நிலைமை முன்பு எப்படி இருந்தது? அதை மாற்றினவர் யார்? மாற்றினதால் லாபம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால், விதிக்கு அங்கே வேலையிருக்காது.

இன்று இரவு வீட்டுக்குப் போகிற வழியில் ஆந்தை கத்தினால், எலி பிடிக்கிற ஒரு பறவை நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறதென்று சந்தோஷப்படுங்கள். நான் சொன்னவற்றில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். படாததை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.